பற்ற மறுத்த அடுப்பு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஜெயசுதா பொய் சொல்கிறவள் இல்லை. போன ஐப்பசியில், வடக்கனந்தலில், பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது.

சிவசங்கருக்கு அவள் இரண்டாம் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம். முதல் மனைவி செவ்வந்தி நான்கு வருடத்துக்கு முன்பு பின்கட்டு விறகு அடுப்பில் சேலை பற்றி இறந்துபோனாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். அந்த அடுப்பு விளிம்பு உடைந்து அப்படியே கிடந்தது. தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் பிடித்திருந்தாள் ஜெயசுதா. பெரிய வாணலியை கேஸ் அடுப்பு தாங்காது. மண் குழைத்துப் பூசினால் இதுவே போதும்.

"நாளைக்கு ஆள் வரான். இடிச்சிடுவான்" என்றான் சிவசங்கர்.

"எதுக்கு? நல்லாதான கீது?"

"இடிக்கணும்னா இடிக்கணும். நீ இன்னா என்னைக் கேள்வி கேக்குற?"

தட்டைத் தள்ளிவிட்டு, மரவள்ளி லோடு ஏற்ற வெள்ளிமலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயசுதாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பும் இல்லையா? அவன் வருவதற்குள் எரியவிட்டுக் காட்டுகிறேன் என்று மண்ணைக் குழைத்தாள். விரிசலை அடைத்தாள். ஈரம் காய லேசாகத் தீ மூட்ட உட்கார்ந்தாள்.

மணி 3.10.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும். கதவு சாத்தியிருந்தது. காற்றே இல்லை.

மூன்றாவது குச்சி...

ஃபூ...

அவள் கன்னத்தில் பட்டது. யாரோ ஊதிய மூச்சு.

"யாரது?"

பல்லைக் கடித்துக்கொண்டு சூடத்தைக் கொளுத்திப் போட்டாள். அதுவும் அணைந்தது. சூட வாசனை வரவில்லை. முடி கருகும் நாற்றம்.

3.17.

காதோரம் ஒரு பெண் குரல். அழுகை இல்லை. கோபம்.

"நான் பத்த வெக்கல."

ஜெயசுதா அசையவில்லை.

"நான் பத்த வெக்கவே இல்ல..."

திரும்பினாள். யாரும் இல்லை. ஈர மண்ணில், அவள் கையே படாத பக்கத்தில், ஐந்து விரல் பதிந்திருந்தது.

ஓடினாள்.

பக்கத்து வீட்டு ஆண்டாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

"செவ்வந்தி செத்த அன்னிக்கு அந்த அடுப்பு எங்க எரிஞ்சிது? ஒரு வாரமா அடமழ. வெறகெல்லாம் ஊறிக் கெடந்துது. செவ்வந்தி எங்க வூட்லதான் சோறாக்கி எடுத்துக்கினு போச்சி. சத்தம் கேட்டு நான்தான் மொதல்ல ஓடுனேன். அந்த அடுப்புல கைய வெச்சிப் பாத்தேன்மா... சில்லுன்னு இருந்துது."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே."

ஜெயசுதாவுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. "கேக்கலன்னா வாய மூடிக்குவீங்களா? ஒரு பொம்பள எரிஞ்சி செத்திருக்கா! கெளம்புங்க. இப்ப ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

5.20க்கு இருவரும் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினார்கள். பாதி வழியில் ஆண்டாள் ஜெயசுதாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னொன்னும் சொல்லிடறேன்... நான் ஓடுனப்போ, பின்கட்டுக் கதவு வெளிய தாப்பா போட்டிருந்துது. நான்தான் தெறந்தேன்."