அண்ணியின் தொண்டை

படகுப் பயிற்சியாளரின் தொண்டைக்கு ஏரியின் இரு கரையும் பயப்படும். அவளுடைய நாத்தனாரின் கண்ணுக்கோ வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். நாற்பது வயதில் துடுப்புப் பிடிக்க வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணி, "இடது, வலது, இழு" என்று கத்தித் தீர்த்தாள். படகு நண்டு மாதிரி நகர்ந்தது.

"அண்ணி, கொஞ்சம் வாய மூடுங்க. துடுப்பு தண்ணில விழற சத்தம் எனக்குக் கேக்கணும்."

புருஷன்கூட அப்படிச் சொன்னதில்லை. சுருக்கென்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் இரண்டு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தன. படகு கோடு போட்டாற்போல் போனது.

கரையில் நின்ற புருஷன் பதறி ஓடிவந்தான். "என்னாச்சு? உன் சத்தத்தையே காணோம்."

"உங்க தங்கச்சி ஓட்டுனா. நான் கேட்டுட்டு வந்தேன்" என்றாள், இரு கரைக்கும் கேட்கும்படி.