ஓடிக்கொண்டே பேசச் சொன்ன ஸ்டெல்லா சிஸ்டர்

சுங்குவார்சத்திரத்தில் என் கடையில் ஒரு பம்பு ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். தங்கை புருஷன் வேலை செய்யும் கம்பெனியின் வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. "அண்ணே, ஸ்டெல்லா சிஸ்டர் பூட்டாங்க. மாரடைப்பு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஸ்டவ்வை அப்படியே போட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் அவர் வீடு. பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை, சைக்கிளை எடுத்தேன். எதற்கு அந்த மிதி மிதித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பாதி வழியில் தொடை எரிந்தது. டீக்கடைக்காரர் "எங்கண்ணே இவ்ளோ வேகமா?" என்றார். வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது. இறங்கி நின்றுவிட்டேன்.

சிஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு இதில் சிரிப்பு வரும். வரட்டும்.

கம்பெனியின் முதலுதவி அறையில் அவர் நர்ஸ். மாத்திரையும் பஞ்சும் போக, கம்பெனி ஓட்ட அணியையும் அவரே இழுத்துப்போட்டுக்கொண்டார். என் தங்கை புருஷன் ஏழுமலை அங்கே கான்ட்ராக்ட் ஆள். ஒரகடம் சாலையில் வருஷாவருஷம் நடக்கும் ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் அணியில் சேர்த்து வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் கான்ட்ராக்ட்தான். தங்கை அப்போது கர்ப்பம்.

முதல் தடவை ஏழுமலை செய்தது, நம்ம பசங்கள் எல்லோரும் செய்கிற தப்பு. ஓட்டம் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகும். கேட்டில் அவனவனோடு ஒரே லைனில் வேலை செய்யும் ஆட்கள் விசிலடித்து நிற்பார்கள். அங்கே மட்டும் எல்லோருக்கும் இறக்கை முளைத்துவிடும். ஏழுமலை பறந்தான். அடுத்த வளைவில் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.

சிஸ்டர் ஒரு நாள் என் கடைப்பக்கம் வந்தபோது, "நல்லா சாப்பாடு போடறோம், பையனுக்குத் தெம்பு பத்தலியே" என்றேன். அவர் என் கடையிலிருந்த ஸ்டவ்வைக் காட்டினார்.

"பர்னர் காயறதுக்குள்ள பம்ப் அடிச்சா இன்னா ஆவும்?"

"மஞ்சளா எரியும். புகை வரும்."

"எண்ணெய் இல்லாமலா?"

"எண்ணெய் கீது. சரியா எரியல."

"அவனுக்கும் அதான். காத்து வர்றது நெஞ்சுக்கு, வேலை நடக்கிறது தொடையில. ரத்தம் அங்க கொண்டுபோய்க் குடுக்கணும், தசை வாங்கி எரிக்கணும். ஆரம்பத்துல அதுக்கு நேரம் புடிக்கும். அதுக்கு முன்னாடியே வேகமா போனா, காத்து பத்தாம தசை சர்க்கரையை அரைகுறையா எரிச்சுத் தள்ளும். கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் கால் கல்லாயிடும்."

ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறவனிடம் ஸ்டவ்வை வைத்தே பேசினால் என்ன மறுப்பது?

அந்த வருஷம் முழுக்க அவர் மொபெட்டில் கூடவே போய் ஏழுமலையை ஓடவிட்டார். வேகம் வேண்டாம், தூரம் போ என்பார். அப்படி ஓடினால் தசைக்குள்ளேயே புது ரத்தக் குழாய்கள் முளைக்குமாம். வழியெல்லாம் கேள்வி கேட்பார்: காலையில் என்ன சாப்பிட்டாய், பஸ்ஸில் யாரோடு சண்டை போட்டாய். முழு வாக்கியமாகப் பதில் வரவேண்டும். திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். "இது ஓட்டமா, ஊர்வம்பா?" என்று நானே கடுப்படித்திருக்கிறேன். "பேச முடிஞ்சா காத்து பத்துதுன்னு அர்த்தம். நீயும் ஓடேன், கொஞ்சம் கம்மியா பேசுவ" என்றார்.

ஓட்டத்தன்று நான் கேட்டருகே ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அலைந்தேன். தங்கை கைக்குழந்தையோடு நின்றாள். ஏழுமலை பின்னால் வந்தான். ரொம்பவே பின்னால். "இன்னாடா, பொண்ணு பார்க்கப் போறியா?" என்று லைன் ஆட்கள் கத்தினார்கள். அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். பறக்கப் போகிறான், போச்சு என்று நினைத்தேன்.

விசிலுக்கு நடுவில் சிஸ்டர் குரல்: "ஏழுமலை! நேத்து உன் வூட்ல இன்னா குழம்பு?"

"வத்தக்குழம்பு சிஸ்டர், ஆனா உப்பு கம்மி!"

கூட்டம் சிரித்தது. "வூட்டுக்கு வா, உப்பு போடறேன்!" என்றாள் தங்கை. அவன் அதே வேகத்தில் கேட்டைத் தாண்டினான். முன்னால் பறந்தவர்களை வளைவுக்கு அப்பால் ஒவ்வொருவராகப் பிடித்தான். மூன்றாவதாக வந்தான். வேலை நிரந்தரமானது.

நான் சிஸ்டரின் கையைப் பிடித்து ஏதோ சொல்லப் போனேன். "முதல்ல மூச்சு வாங்குய்யா, ஓடுனது அவன்" என்றார்.

சிஸ்டர் போன அன்று அந்த டீக்கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ. மறுபடி ஏறி மெதுவாக மிதித்தேன். மனசு மட்டும் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்க அவர் இல்லை, ஆகவே நானே கேட்டுக்கொண்டேன். "காலைல பழைய சோறு சாப்ட்டேன் சிஸ்டர், மதியம் இன்னும் சாப்புடல" என்று ரோட்டில் சத்தமாகச் சொன்னேன். எதிரே வந்த லாரி கிளீனர் திரும்பிப் பார்த்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். அவர் வீட்டு வாசல்வரை கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே போனதும் ஒரு வாக்கியம்கூட முழுசாக வரவில்லை.