பிள்ளையார் பல்பும் இரண்டு சட்டி பார்லியும்

என் மனைவியின் தம்பிக்குப் பாரிஸின் லா ஷப்பலில் பலசரக்குக் கடை. நான் ஓய்வுபெறும்வரை ஒரு பயிர் ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடி வீட்டில் பார்லியின் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தவன்.

"அத்தானுக்கு வெள்ளைக்காரன் புல்லு எண்ணச் சம்பளம் குடுத்தவன்" என்று கல்லாவில் நின்று சொல்லுவான். சாமான் வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் இரண்டு சட்டிகளை அவன் கடைக் கண்ணாடியோரம் வைத்தேன்.

ஒன்றில் சாதாரண பார்லி. பகல் நீண்டால்தான் கதிர் விடும். மற்றது வட ஐரோப்பாவின் குறுகிய கோடைக்கென்று தெரிந்தெடுத்த இனம். இருட்டிவிட்டது என்று செடிக்குச் சொல்லும் மரபணு அதில் பழுது. ஆகவே நீண்ட பகலுக்குக் காத்திராமல் முந்திக் கதிர் தள்ளிவிடும்.

"பகல் கட்டையான மாரியிலை இந்த வடக்கு இனம் கதிர் விடும், மற்றது விடாது. இருந்து பார்" என்றேன்.

இரண்டும் விட்டன! வடக்கு இனம் கொஞ்சம் முந்தியதுதான். அதை யார் கவனித்தார்கள்?

"பழுதான சாமானும் நல்ல சாமானும் ஒண்டுதான்போலை, அத்தான்!"

கடை நிறையச் சிரிப்பு.

மறுநாள் கடை திறக்குமுன் போனேன். கம்பிக் கதவுக்குள்ளே சிவப்பு வெளிச்சம். சட்டிகளுக்கு மேலே, பிள்ளையார் படத்தின் பல்ப். கடை பூட்டும்போது அணைப்பான் என்றல்லவா நினைத்திருந்தேன்! இரவெல்லாம் எரிந்தால் சாதாரண பார்லிக்கு அதுவே நீண்ட பகல்.

"உந்த லைற்றை இரவிலை நிப்பாட்டு" என்றேன்.

"கடை திறந்த நாளிலையிருந்து நூராத லைற். உங்கடை புல்லுக்காகப் பிள்ளையாரை இருட்டுக்கை விடவோ?"

அடுத்த மாரியில் மறுபடி விதைத்தேன். பொழுதுபட்டதும் நானே போய் இரண்டு சட்டிகளையும் அட்டைப் பெட்டிகளால் மூடினேன். காலையில் எடுத்துவிடுவது அவன் வேலை. மறப்பான், சண்டை பிடிப்பேன்.

கடைசியில் வடக்கு இனத்தில் மட்டும் ஒற்றைக் கதிர். மற்றது பதினோரு இலையோடு புல்லாகவே நின்றது. அவன் எட்டிப் பார்த்தான்.

"ஓம், அத்தான்."

அவ்வளவுதான். கதிரை முற்றவிட்டு மணிகளை எண்ணவேண்டும் என்று நினைத்தபடி வீடு போனேன்.

மறுநாள் செடியில் கதிர் இல்லை. பிள்ளையார் படத்தில் செருகியிருந்தது.

"முதல் கதிரைச் சாமிக்கு வைக்காமல் விடுறதே?" என்றான். சாமான் வாங்க வந்த ஒருவர் அதைக் கும்பிட்டுவிட்டு, "ஆரண்ணை வளத்தது?" என்று கேட்டார்.

"என்ரை அத்தான். மரபணு வேலை செய்தவர்."

யாரும் சிரிக்கவில்லை. நான் கதிரை அண்ணாந்து பார்த்தேன். பச்சைக் கதிர், மணிகளில் பால்கூடப் பிடித்திருக்காது.