வத்ஸலா அக்காவின் இரண்டு சீட்டுக் கார்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள் என் அக்கா வத்ஸலா. அது ஒருவருக்கும் நினைவில் இல்லை. "அந்தப் பச்சைக் கார்ல போவாளே, அவளா?" என்கிறார்கள். அவளைச் சொல்வதென்றால் காரிலிருந்துதான் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது.

அது ஒரு சின்ன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை. சின்னக் காஞ்சிபுரத்துத் தெருவில் நின்றால் மாடுகள் அதைக் குனிந்து பார்க்கும்; அவ்வளவு தாழ்வு. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அக்காவின் கணவர் தேசிகன் அதை வாங்கி வந்தார். அத்திம்பேர் கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்து, பாங்கில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார். தாமல் ஏரிக்கரைச் சாலையில் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

1993இல் மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவருடைய தம்பி பாச்சாதான் காரியமெல்லாம் செய்தார். பாச்சாவுக்குக் கோயிலில் திருவாராதனக் கைங்கர்யம், பெருமாளுக்குத் தினப்படி பூஜை செய்வது. காரியம் முடிந்த கையோடு காரை வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாதபடி செங்கல் அடுக்கி நிறுத்தினார். மேலே அண்ணாவின் பழைய வேஷ்டி ஒன்றைப் போர்த்தினார். சனிக்கிழமை தோறும் துடைப்பார். ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியை ஒரு சின்ன பிம்பத்துக்கு மாற்றி மறைத்து வைப்பதைப் பாலாலயம் என்பார்கள். எதிர் வீட்டுக் கிருஷ்ணவேணி மாமி அதை வைத்துத்தான் கேலி செய்வாள்: "என்னடா பாச்சா, காருக்குப் பாலாலயம் ஆயாச்சு. கும்பாபிஷேகம் எப்போ வெச்சிருக்கே?"

பாச்சா சிரிக்கமாட்டார்.

மூன்று வருஷம் கழித்து அக்கா அந்தக் காரை ஓட்டப்போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு பஸ் இருந்தது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு அவசியம் எதுவும் இல்லை.

"எதுக்குக்கா இப்போ?" என்று கேட்டேன்.

"ஓட்டணும்னு இருக்கு ஸுபா."

"ஊர்ல என்ன சொல்லுவா?"

"சொல்றவா எல்லாம் பின்னாடிதானே நிப்பா. வண்டி முன்னாடி போயிடுமே."

பாச்சா தடுக்கவில்லை. ஆனால் நிபந்தனை வைத்தார். கோயில் மூர்த்தியின் விரல் நுனியோ ஆபரணமோ சிதைந்தால் அது உபாங்கம், சரிசெய்து கொள்ளலாம். தலை, மார்பு போன்ற அங்கம் போனால் அந்த மூர்த்தி பூஜைக்கு ஆகாது. இந்த ஆகம விதியை அவர் காரின் மேல் அப்படியே வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடி, கைப்பிடி, ஹார்ன் எல்லாம் உபாங்கம் மன்னி. எது வேணா போட்டுக்கோங்கோ. முன் சக்கரம் மாத்திரம் அங்கம். அதுல அண்ணா தன் கையால பண்ணின வேலை இருக்கு. அதைத் தொடப்படாது."

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஓரிக்கைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இளங்கோவனை அழைத்து வந்தாள். இளங்கோவனின் அப்பா கூரத்தில் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். இவர் ஐ.டி.ஐ. படித்து, அம்பாசிடர் கார்களாகப் பார்த்து முன்னுக்கு வந்தவர். இந்தக் காரைச் சுற்றி வந்துவிட்டு, "இன்னாமா இது, பொம்மைக்கு இஞ்சின் வெச்சாப்ல இருக்குது! இதுக்கு சாமான் எங்கேந்து வாங்கறது?" என்றார்.

அதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. மெட்ராஸில் ஒரு காலத்தில் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், இந்தக் காரோடு ஒரே கம்பெனியின் வரைபடத்தில் பிறந்தது. முன் சக்கர அமைப்பு, பிரேக், பல பாகங்கள் இரண்டுக்கும் பொது. ஹெரால்ட் சாமான்கள் சென்னைக் கடைகளில் அப்போதும் கிடைத்தன. இளங்கோவன் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்கன்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா சாமான் வாங்கிய விதம் எனக்கு அப்போது புரியவில்லை. பக்கக் கண்ணாடிக்கு ஆட்டோரிக்‌ஷாவின் கண்ணாடியை மாட்டச் சொன்னாள். ஸீட்டுக்கு ஊரிலேயே ரெக்ஸின் தைத்தாள். பெட்ரோல் குழாய்க்கு அம்பாசிடருடையது போதும் என்றாள். ஆனால் பிரேக்குக்குப் போகிற ரப்பர் ஹோஸ் வாங்கும்போது மட்டும் கடைக்காரரைப் பாடாய்ப்படுத்தினாள். இளங்கோவன் லாரியிலிருந்து கழற்றிய ஒன்றைக் காட்டி, "ஜோரா இருக்குதுமா, இன்னும் அஞ்சு வருசம் வரும்" என்றபோது, அதை வளைத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இளங்கோவன், வண்டி ஓடலேன்னா நான் பஸ்ல போயிடுவேன். நிக்கலேன்னா?" நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தைத் தாங்குவதும் புதிதாக, தெரிந்த இடத்தில் செய்ததாக இருக்க வேண்டும். மற்றது பொருந்தினால் போதும். பாச்சாவின் கணக்குக்கு இது கிட்டத்தட்டத் தலைகீழ். அவர் எதைத் தொடாதே என்றாரோ, அதைத்தான் இவள் முதலில் பார்க்க வேண்டும் என்றாள்.

ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் இடது முன் சக்கரத்தைக் கழற்றினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். இந்தக் காரில் சக்கரத்தைத் தாங்குவது ஓர் எஃகுத் தண்டு. அதன் கீழ் முனையில் திருகு மறை இருக்கும். அந்த மறை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள்ளேயே திரும்பும். 1989இல் பழைய கட்டை தேய்ந்து ஆடியபோது அத்திம்பேர் இங்கிலாந்துக்கு எழுதிக் காத்திருக்கவில்லை. இங்கேயே வார்த்து, கடைந்து, தானே பொருத்தினார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. இடப்பக்கத்துக்கு மட்டும் இரண்டாகச் செய்து, ஒன்றை மாட்டி ஒன்றை வைத்துக்கொண்டார்.

இளங்கோவன் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து தண்டையும் கட்டையையும் மேஜைமேல் வைத்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"இன்னாமா இது. கட்டை புதுசாட்டம் மின்னிக்கினு இருக்குது. தண்டுதான் தேஞ்சிருக்குது. தேய வேண்டியது கட்டைதானே?"

எஃகு மறை கரும்பைக் கடித்துத் துப்பியது போல் மெலிந்திருந்தது. அக்கா கட்டையை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பானரால் மெல்லத் தட்டினாள். ஒர்க்‌ஷாப் முழுக்க அது ஒலித்தது. நிற்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"மணி உலோகம்" என்றாள்.

"சாமிக்கு ஆட்டுவாங்களே, அந்த மணியா? அப்ப ஒசத்திதானேமா?"

"மணிக்கு ஒசத்தி."

அப்புறம்தான் விளக்கினாள். செம்போடு வெள்ளீயம் அதிகம் சேர்ந்த உலோகம் இறுகிப் போய்விடும், ஒலிக்கும், ஆனால் எளிதில் உடையும். இந்த இடத்தில் எஃகைவிட மென்மையான வெண்கலம்தான் வேண்டும். தேய்வது அதன் வேலை. மலிவான கட்டை தேய்ந்து விலை உயர்ந்த தண்டைக் காப்பாற்ற வேண்டும். இங்கே கட்டை அசையாமல் நின்றுகொண்டு தண்டைத் தின்றிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால், ஏதோ ஒரு திருப்பத்தில் சக்கரம் மடங்கிக் கார் சாய்ந்திருக்கும்.

அத்திம்பேர் கோயில் மணி வார்ப்பவர்களிடம் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்ததிலேயே சுத்தமான, உயர்ந்த உலோகம் எதுவோ அதைக் கேட்டிருக்கிறார். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஊரில் பிறந்த ஒருவருக்கு இந்தத் தவறு வாய்த்திருக்காது.

அக்கா இளங்கோவனோடு சென்னைக்குப் போனாள். ஜி.பி. ரோடு கடைகளில் பளபளவென்று பெட்டியில் வைத்து "இம்போர்ட்டட்" என்று காட்டியதை வாங்கவில்லை. ஒரு பழைய கடையின் பரணில், மெழுகுத் தாள்கூடப் பிரிக்காமல் கிடந்த ஹெரால்ட் தண்டையும் கட்டையையும் இரண்டு பக்கத்துக்கும் எடுத்துக்கொண்டாள். கையாலேயே திருகிப் பார்த்து, ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாங்கினாளாம்.

அவை மாட்டப்படும் அன்று காலையில் பாச்சா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பழையது தேய்ந்துவிட்டது என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பட்டுத்துணி முடிச்சு.

"மன்னி, பழசு தேஞ்சிருந்தா தேயட்டும். அண்ணா ரெண்டு பண்ணினார். இன்னொண்ணு என் பெருமாள் அலமாரியில இருந்தது. இதைப் போடச் சொல்லுங்கோ."

"வேண்டாம் பாச்சா."

"ஏன் வேண்டாம்? கடையில கிடந்த எதையோ போடலாம், அண்ணா பண்ணினதைப் போடப்படாதா?"

இளங்கோவன் நடுவில் வந்தார். "சாமி, டீச்சரம்மா சொல்றதைக் கொஞ்சம்…"

"நீ சும்மா இருப்பா. இது எங்காத்து விஷயம்." பாச்சா அக்கா பக்கம் திரும்பினார். "மன்னி, ஒவ்வொண்ணா மாத்திண்டே வரேள். கண்ணாடியை மாத்தினேள், ஸீட்டை மாத்தினேள். நான் வாயைத் திறந்தேனா? இப்போ அண்ணாவையே கழட்டி எறியறேளா? இது போடலேன்னா இந்தக் காரை யாரும் ஓட்ட வேண்டாம். திரும்பவும் செங்கல் மேலேயே இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

அக்கா அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  தேய்ந்த தண்டைக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால் இவருடைய அண்ணா இவருக்கு முன்னால் தப்பாகிவிடுவார். காட்டாவிட்டால் கார் கொட்டகைக்குப் போகும், அல்லது அந்த இரண்டாவது கட்டை சக்கரத்துக்குப் போகும். அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் துணியைப் பிரித்துக் கட்டையை எடுத்தாள். நூலில் கட்டி அவர் கையிலேயே கொடுத்தாள். "தட்டிப் பாரு" என்று ஸ்பானரை நீட்டினாள்.

தினமும் காலையில் சந்நிதியில் மணி பிடிக்கிற கை அது. பாச்சா தட்டினார். ஒலி எழுந்தது. அவர் மறுபடி தட்டவில்லை.

"இது திருமணிக்கு வார்க்கிறதுன்னோ" என்றார் மெதுவாக.

அக்கா எஃகுத் தண்டை எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தாள். அவர் விரலால் மறையைத் தடவினார். இருந்த இடத்தில் தடவினார், இல்லாத இடத்தில் தடவினார்.  அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாலு வருஷம் இதோட ஓட்டினார்" என்றார். "உங்களைப் பக்கத்துல உக்காத்தி வெச்சுண்டு."

"ஆமாம்."

"அண்ணாவுக்குத் தெரியாதா மன்னி?"

"தெரியல பாச்சா. தெரிஞ்சிருந்தா மறுநாளே மாத்தியிருப்பார்."

பாச்சா பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார். வேஷ்டியில் கிரீஸ் படுவதைப் பார்க்கவில்லை.

"நுனியில ஒக்காராதீங்க சாமி, கவுந்துக்கினு போயிடும்" என்றார் இளங்கோவன்.

பாச்சா நகர்ந்து உட்கார்ந்தார். அழுதார் என்று சொல்ல முடியாது. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார். பிறகு கட்டையைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போட்டுடுப்பா" என்றார்.

"எதை சாமி?"

"மன்னி வாங்கிண்டு வந்ததை."

அடுத்த அமாவாசைக்குப் பாச்சா தர்ப்பணம் பண்ணத் திருப்புட்குழிக்குப் போக வேண்டியிருந்தது. ஜடாயுவுக்குப் பெருமாளே ஈமக்கடன் செய்த ஊர் அது. எப்போதும் பஸ்ஸில் போகிறவர் அன்று கொட்டகை வாசலில் வந்து நின்றார். அக்கா கதவைத் திறந்துவிட்டாள். போகிற வழியெல்லாம் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். திரும்பி வரும்போது பிடிக்கவில்லையாம். அக்கா எனக்கு அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு பதினோரு வருஷம் ஓட்டினாள். கியர் பாக்ஸ் மாறியது, ரேடியேட்டர் மாறியது, தரைத்தகடு மாறியது. அத்திம்பேர் கைபட்டது எது மீதி என்று ஒருமுறை கேட்டேன். "நான்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். போன மாதம் பள்ளிக்கூடப் படியில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நேற்று இளங்கோவன் வந்திருந்தார். அவர் தலையும் நரைத்துவிட்டது. அக்கா கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன பிரேக் வேலை பாதியில் நிற்கிறதாம். "இன்னா பண்றதுமா? செய்யட்டுமா, உட்டுடட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.  கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாச்சாதான் பதில் சொன்னார்.

"நல்லதாப் பார்த்துப் போடுப்பா. ஸுபத்ரா ஓட்டுவா."

எனக்கு இன்னும் கியர்கூடப் போடத் தெரியாது.