மழைக்கு முன்னால் தடி எதற்கு?

கட்டிலில் அக்கா அஞ்சலை. காலடியில் அவள் புருஷன் முனுசாமி, எனக்கு மாமா. ஜன்னல் பக்கம் டாக்டரம்மா. கதவோரம் நர்ஸ். சுவரில் சாய்ந்து நான்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்தி இல்லை. ஏன் என்று சிலர் கேட்டீர்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அக்காவுக்கு மார்பில் கட்டி. போன வருஷம் எடுத்தார்கள். சரியாகிவிட்டது என்று மறுபடி உப்பளத்துக்குப் போனாள். இப்போது மூச்சு இழுத்தது. படுக்க முடியவில்லை. பேச்சு துண்டு துண்டாக வந்தது. எக்ஸ்ரே எடுத்தால் வலது நெஞ்சில் பாதிக்குத் தண்ணீர். ஊசி போட்டு எடுத்தார்கள். ஒரே வாரம்... மறுபடி நிரம்பியது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“விலா எலும்புக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்குதுங்க. நுரையீரல் மேலயும் அதே சவ்வு. அது மேல ஒரே வரிசையில செல்லுங்க, காவக்காரங்க மாதிரி தோளோட தோள் ஒட்டி நிக்கும். கேன்சர் வந்து விழுந்தா பிடிமானம் கிடைக்காது, வழுக்கும். சவ்வுக்கு அடி பட்டா ரத்தத்துல இருந்து வெள்ளை அணு ஓடி வரும். ஆனா எங்கயாவது ஒரு செல் உதிர்ந்து சந்து விழுந்துதுன்னா... அங்க கேன்சர் கால் ஊனிடும்.”

“அப்ப தண்ணி?” மாமா கேட்டார்.

“சண்டையில ஊறுது. வடியுற வழியும் அடைஞ்சி போச்சு. அதான் தேங்குது.”

மாமாவுக்குச் சந்தோஷம். உள்ளே இவ்வளவு காவலா!

அடுத்து டாக்டரம்மா சொன்னதுதான் சிக்கல். நெஞ்சில் குழாய் வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அதே குழாயில் ஒரு மருந்து விடுவார்கள். அது அந்தச் சவ்வைப் புண்ணாக்கும். இரண்டு பக்கமும் புண்ணாகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் இடமே இல்லை என்றால் தண்ணீர் எங்கே தங்கும்?

“வலிக்கும். எல்லாருக்கும் ஒட்டும்னும் சொல்ல முடியாது. கேன்சர் இதுல போகாது. ஒட்டிச்சுன்னா மூச்சு திரும்பும்.”

மாமா எழுந்து நின்றார். உப்புக் குவியலுக்குக் காவல் நிற்கிறவர் அவர். கையில் தடி இல்லாமல் நான் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான்.

“இன்னாம்மா இது? இத்தினி நேரம் அதுங்கள காவக்காரங்கன்னீங்க. இப்ப காவக்காரனையே பொசுக்கறேன்றீங்க. என்னை அடிச்சிப் போட்டுட்டா உப்பு பத்திரமா இருக்குமா? நான் ஒத்துக்க மாட்டேன்.”

நியாயமான கேள்விதானே? டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா கையை ஆட்டினாள்.

“யோவ்... திருடன் வந்தா... இன்னா பண்ணுவ?”

“தடியால போடுவேன்.”

“மழை... வந்தா?”

“ஓலை போட்டு மூடுவேன். அதுக்கென்ன இப்ப?”

“மழைய... தடியால... அடிக்க மாட்டியா?”

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மாமா மறுபடி உட்கார்ந்தார். அக்கா டாக்டரம்மாவிடம் சொன்னாள், “மூடிடுங்க.”

காவல் என்றால் கடைசி வரை நிற்பது என்று நினைக்கிறோம். நிற்கிற நேரம் உண்டு. மூடுகிற நேரமும் உண்டு. அது தெரிந்தவனும் காவல்காரன்தான்.

மருந்து விட்டார்கள். எல்லாப் பக்கமும் பரவ வேண்டுமாம் — மல்லாக்க, குப்புற, இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் புரட்டச் சொன்னார்கள். தலைப்பக்கம் நான், கால்பக்கம் மாமா. அக்கா துண்டைக் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை. மாமாதான் ஒவ்வொரு தடவையும் “ஐயோ” என்றார்.

குழாயில் வருவது குறைந்தது. பிறகு நின்றது. குழாயை எடுத்தார்கள். புது எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா “ஒட்டிடுச்சி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். போதும்.

நேற்று ஊர் திரும்பி மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அக்காவை நடக்க வைக்கக் கூடாது என்று மாமா ஒரு மாட்டு வண்டியை வரச் சொல்லியிருந்தார். வண்டியில் மெத்தை வேறு. அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

“யோவ், நடக்கறதுக்குக் கால் இருக்குது, இழுக்கறதுக்கு மூச்சு இருக்குது, அந்த வண்டிக்காரனை அனுப்பிட்டு பொட்டியத் தூக்கினு முன்னால நடய்யா!”

நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. ஒரே மூச்சு. வார்த்தைகளை விரல் விட்டு எண்ணினேன்.

பதினான்கு.