முன் சீற்றில் இருந்த ஓடுகள்

பிள்ளைகளே, யுத்தத்தில் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எங்களிடம் ஒரு போத்தல் பெற்றோல்தான் இருந்தது. அதை உங்கள் அம்மாவின் பிரசவத்துக்கு வைத்துக்கொண்டு, காரை உழவு இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுத்தோம். ஸ்டியரிங் பூட்டாமலிருக்கச் சாவியைத் திருப்பியே வைத்திருந்ததால் பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது.

வழியில் ஒரு மெக்கானிக், பல்லிடுக்கில் திருகாணியைக் கடித்தபடியே, பியூசுக்குப் பக்கத்தில் ஒரு சுவிச்சைப் பொருத்தித் தந்தார். நடக்கமுடியாத அவருடைய தாய் தெருவோரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"இழுக்கேக்க இதை நிப்பாட்டி விடுங்கோ அண்ணை. பற்றரி மிஞ்சும்."

"நீங்களும் உங்கட அம்மாவும் எங்களோட வாங்கோவன்" என்றேன்.

முன் சீற்றில் நான் அடுக்கியிருந்த எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளைப் பார்த்தார். "ஓட்டுக்கு மேலயோ இருக்கிறது?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் புறப்பட்டேன்.

உடையார்கட்டில் உங்கள் அம்மாவுக்கு வலி எடுத்தது; பெற்றோலை ஊற்றி, சுவிச்சைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் கார் ஸ்டார்ட் ஆனது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அதற்குள் நாங்கள் வந்த பாதை சண்டையால் மூடப்பட்டுவிட்டது; அந்த மெக்கானிக்கையும் தாயையும் போய்க் கூட்டிவர இனி வழியில்லை.

வெளியே வந்து, ஒருவரும் காணாமல், அந்த ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.