பத்து முறைதான் காற்றடித்தாள்

மகளின் இடது புருவம் பாதி பொசுங்கிவிட்டது. நெற்றியோரத்து முடி சுருண்டுபோய், தொட்டால் தூளாக உதிர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாதிப் புருவம் போனது அவர்களுக்கு ஒன்றுமில்லையாம்.

காலை ஆறரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நான் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். காப்பி போட மகள் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அவள் காற்றடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்து ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகச் சுவர்க் காலண்டர் வரைக்கும் எழும்பி நிற்கிறது. பட்டு நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து தாவி வந்து, கோணிச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி ஸ்டவ்வின்மேல் போட்டார். தீ அடங்கியது. கையோடு திட்டவும் ஆரம்பித்தார்.

"எத்தினி தபா சொல்றது? காத்த ஏன் இம்மாம் அடிக்கிற?"

"பத்து தான் நைனா அடிச்சேன்."

"பத்து அடிச்சா இப்பிடி எரியுமா?"

நானும் சும்மா இருக்கவில்லை. "பரீட்சை நேரத்துல இது தேவையா? பார்த்துப் பண்ணக் கூடாதா?" என்றேன். தீக்காயம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அதைச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, ஸ்டவ்வைச் சரி செய்வதா, வேறு வாங்குவதா என்பதுதான். அதுவரைக்கும் விறகு மூட்டலாம் என்றால் வீட்டுக்குள் முடியாது. தறியில் சந்தன நிறப் பட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தியின் முகூர்த்தப் புடவை. புகை பட்டால் நிறம் மங்கிவிடும். ஆகவே கொல்லையில் மூன்று கல் வைத்துச் சமைத்தேன். காற்று ஒரு நாள் கிழக்கே வீசும், மறுநாள் என் கண்ணிலேயே வீசும். சோறு பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருக்கும். புகை வாசனையோடு வகுப்புக்குப் போய் நின்றால் முன் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள்.

திரி ஸ்டவ் வாங்கிவிடலாம் என்றேன்.

"திரி ஸ்டவ்வா? குண்டான் அடியெல்லாம் கரி புடிக்கும். அந்தக் கரிக் கையோட தறியாண்ட வந்தா பட்டு என்னாத்துக்கு ஆவும்? நீ வந்து தொடைப்பியா டீச்சரம்மா?"

அவருக்குப் பதில் சொல்ல வராத நேரத்தில்தான் என்னை டீச்சரம்மா என்பார்.

"பொண்ணு மூஞ்சியில கரி புடிச்சா பரவாயில்லையா?"

"ஸ்டவ் இன்னா பண்ணுச்சு? பித்தளை. ஒரு சொட்டு ஒழுவல. காத்தடிச்சவ மேல தப்பு. ரிப்பேருக்குக் குடு, போதும்."

எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். கேட்காமலேயே வந்து தீர்ப்பு சொல்வாள். "ரிப்பேர் பண்ணா மட்டும் அதுக்கு நல்ல புத்தி வந்துடுமா டீச்சர்? ஒரு தபா பொண்ணு மூஞ்சியப் பார்த்துடுச்சு. வுடாது, பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இத்தனை பேச்சிலும் மகள் வாயே திறக்கவில்லை. காலையில் கைக்கண்ணாடியை எடுத்து, மையால் பாதிப் புருவத்தை வரைந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள். அடுப்படிப் பக்கம் வருவதில்லை. தறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவுக்குப் புடவைக் கரையை உடலோடு கோத்துக் கொடுப்பவள், அதையும் விட்டுவிட்டாள். கூப்பிட்டால், "எனக்குக் கையே வராதும்மா. நான் தொட்டா எதுனா ஆயிடும்" என்றாள். பதினாறு வயதுப் பெண் தன் கையைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டவ்வைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்தக் கையோடு இவள் எப்படிப் பரீட்சை எழுதுவாள்?

கடைசியில், எதையாவது செய்து தொலைப்போம் என்று ஸ்டவ்வைப் பையில் போட்டுக்கொண்டு மாடவீதி மூலையிலிருக்கும் ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடைவாசலில் இருபது பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக நின்றன. உத்திரத் திருவிழா. கடைக்காரர் தலை நிமிராமலேயே சொன்னார்:

"உற்சவம் முடியட்டும்மா. சாமிக்கு வெளக்கு புடிக்கணும்ல? உன் காப்பி நாலு நாள் காத்துக்கினு இருக்கட்டும்."

உற்சவம் முடிந்த மறுநாள் போனேன். திருவிழாக் களைப்பில் கடையைத் திறக்கவே இல்லை. பையில் சாய்ந்து கசிந்த மண்ணெண்ணெய் புடவையில் ஊறியதுதான் மிச்சம். மூன்றாவது தடவை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய், இன்று பார்க்காமல் நகரமாட்டேன் என்று அவருடைய முக்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் பர்னரைக் கழற்றி, உள்ளேயிருந்த நிப்பிளைத் திருகி எடுத்தார். மண்ணெண்ணெய் ஆவியாகி வெளியே வரும் ஊசித் துளை அதில்தான் இருக்கிறது. வெயிலுக்கு நேராக அதைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏம்மா, வூட்டுல தறி ஓடுதா?"

"ஓடுது. ஏன்?"

"அச்சுக் கம்பியால குத்துனது யாரு?"

தறியில் இழைகளைச் சீப்புப்போலப் பிரித்து வைப்பது அச்சு. அதில் உடைந்த எஃகுக் கம்பி ஒன்றைக் கல்லில் ஊசிபோலத் தேய்த்து, முடிச்செடுக்க வைத்திருப்பார் என் வீட்டுக்காரர். எங்கள் தெருவில் எல்லாத் தறியிலும் அப்படி ஒன்று செருகியிருக்கும். ஸ்டவ் அடைத்துக்கொண்டால் அதற்கென்று விற்கும் ஸ்டவ் பின்னைக் கொண்டு குத்த வேண்டும். அந்தப் பின் மெல்லியது, இரண்டு நாளில் முறிந்துவிடும். அதனால் மாதக்கணக்காக அந்தக் கம்பியால்தான் நான் குத்திவந்தேன். தீ எழும்பியதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட, அவசரத்தில், நன்றாக அழுத்தித் திருகித் திருகிக் குத்தினேன்.

"தெரியலியே" என்றேன்.

அவர் ஒரு புது நிப்பிளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியதில் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. எங்களுடையதில் கடுகளவுக்குத் தெரிந்தது.

"பின்னு முறியும்மா. அச்சுக் கம்பி முறியாது, பித்தளையத் தின்னும். தறிக்காரங்க வூட்டு ஸ்டவ்வுன்னா தூரத்துல பார்த்தே சொல்லிடுவேன். இந்த ஓட்டைக்குப் பத்து தபா காத்தடிச்சாலே கூரைக்குப் போவும்."

பத்து என்றுதான் அவளும் சொன்னாள்.

"புதுசாவே வாங்கிட்டா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று மறைக்கப்போவதில்லை. பழையதை அங்கேயே தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கிப்போனால் இந்தத் துளையை யாரும் பார்க்கப்போவதில்லை. வீட்டில் நான் பிடித்த பிடிவாதம்தான் ஜெயித்தது என்று நினைப்பார்கள்.

"வாங்கு. அதையும் அதே கம்பியால குத்து" என்றார் அவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நிப்பிளைப் பார்த்துத்தான் சொன்னார்.

நிப்பிளை மட்டும் மாற்றச் சொன்னேன். பழையதைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மகள் பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். காகிதத்தைப் பிரித்து நிப்பிளை அவள் கையில் கொடுத்தேன்.

"இத வெளிச்சத்துல பாரு. ஓட்டை பெருசா இருக்குதா? அச்சுக் கம்பியால குத்திக் குத்தி நான்தான் பெருசாக்கி வெச்சேன். நீ காத்து ஜாஸ்தி அடிக்கல."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா நான் வாங்குன திட்டு?"

தறி நின்றது.

"அந்தக் கம்பிய யாரு உன்னத் தொடச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார் வீட்டுக்காரர்.

"நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. இது இருக்கும்போது பின்னுக்கு ஏன் அலையறேன்னு சொன்னீங்க."

மகள் தறிப்பக்கம் திரும்பினாள்.

"நைனா, பத்து தான் அடிச்சேன்."

"சரிம்மா."

"சரின்னா?"

"பத்துதாம்மா அடிச்ச. பத்துதான்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். என்னிடம் தீப்பெட்டியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. நானே பற்றவைக்கிறேன் என்றேன். பெட்டியைத் திறக்கப்போய்க் குச்சிகளைக் கீழே கொட்டிவிட்டேன்.

"குடும்மா. நீ வெச்சாத்தான் பயம்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

பர்னர் சூடாகும்வரை காத்திருந்து காற்றடித்தாள். தறிக்குழிவரை கேட்கும்படி உரக்க எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் சாக்கை நனைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். பத்தில் நிறுத்தினாள். தீ நீலமாக, வட்டமாக, சீறிக்கொண்டு நின்றது.

"அந்தச் சாக்கக் கீழ போடும்மா, வூடெல்லாம் தண்ணி" என்றாள்.

போட முடியவில்லை. பால் பொங்கி, காப்பி கலந்து, அவள் அணைக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இப்போது பரீட்சை முடிந்துவிட்டது. புருவமும் ஏறக்குறைய வளர்ந்துவிட்டது. இன்றைக்குக் காலையிலும் அவள் எண்ணிக்கொண்டே காற்றடித்தாள். நானும் சாக்கோடுதான் நின்றேன்.